எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கக் குளிசை போடலாமா?

கேள்வி: எனக்கு 36 வயது, மனைவிக்கு 34. கலியாணம் முடித்து நான்கு வருடம். பிள்ளை இல்லை. மனைவிக்கு எல்லாப் பரிசோதனையும் செய்தாயிற்று, குறையில்லை என்கிறார்கள். நான் இந்த மாசி மாதம்தான் முதன்முறையாக விந்துப் பரிசோதனை செய்தேன். எண்ணிக்கை மில்லிலீற்றருக்கு 11 மில்லியன், முன்னோக்கி நீந்துபவை 20 வீதம், விந்தணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன, சிதல் கலங்கள் 8–10 என்று எழுதியிருக்கிறார்கள். பிறகு, விந்தணுவில் உடம்பின் எதிர்ப்புப் பொருள் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கக் கொழும்பில் செய்த மார் (MAR) பரிசோதனையில் 64 வீதம் என்று வந்தது. "உன்ரை எதிர்ப்புச் சக்திதான் விந்தணுவைக் கொல்லுது, அதைக் குறைக்க வேணும்" என்று கனடாவில் இருக்கும் மச்சான் சொன்னதில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீரொய்ட் குளிசை வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் தொடங்கவில்லை. எட்டு வயதில் ஒரு பக்கம் கேர்னியா ஒப்பரேஷன் செய்தது. போன மார்கழியில் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் இருந்தேன். வேறு வருத்தம் இல்லை. அம்மா மனைவியைத்தான் குறை சொல்கிறார். குளிசையைத் தொடங்கலாமா? பிள்ளை பிறந்தால் அதற்கும் இந்தப் பிரச்சினை வருமா?
– வலிகாமத்தில் இருந்து ஒரு வாசகர்

பதில்:

அன்புள்ள தம்பி,

குளிசையைத் தொடங்க வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணங்களைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன். இதை வாசிக்கிற வேறு யாராவது ஏற்கெனவே தொடங்கி மூன்று கிழமைக்கு மேல் போட்டுக்கொண்டிருந்தால், பயந்து திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீரொய்ட் அதற்குள் குறைந்திருக்கும். டொக்டரிடம் காட்டிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் டெங்கு. விந்தணு ஒரே நாளில் உருவாகிற பொருள் இல்லை. விதைக்குள் ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறத்தாழ இரண்டரை மாதம் எடுக்கும். அதன் பிறகு, விதையின் பின்னால் ஒட்டியிருக்கும் சுருட்டுக் குழாய்க்குள் கிட்டத்தட்ட இரண்டு கிழமை இருந்து நீந்தப் பழகும். மொத்தத்தில் மூன்று மாதம். மார்கழியில் உங்களுக்கு உடம்பு கொதித்த நாட்களில் பாதி வளர்ந்திருந்த விந்தணுக்கள்தான் மாசியில் அந்தப் போத்தலுக்குள் வந்தவை. கடும் காய்ச்சல் எண்ணிக்கையையும் நீந்தும் வேகத்தையும் நன்றாகவே விழுத்தும். உலக சுகாதார நிறுவனம் 2021 இல் வெளியிட்ட கைநூலின்படி கீழ் எல்லை மில்லிலீற்றருக்கு 16 மில்லியன், முன்னோக்கி நீந்துபவை 30 வீதம். உங்களுடைய 11, 20 இரண்டும் அதற்குக் கீழேதான். ஆனால் டெங்குக்கு இரண்டு மாதம் கழித்து எடுத்த எண்ணிக்கையை வைத்து உங்களுடைய வழமையான அளவு இதுதான் என்று நான் முடிவெடுக்க மாட்டேன். நீங்களும் எடுக்க வேண்டாம். மழைக்காலம் முடிந்து தை, மாசியில் பரிசோதனைக்கு வரும் ஆண்களிடம் "அண்மையில் காய்ச்சல் வந்ததா" என்று கேட்பது நம் ஊரில் கட்டாயம் என்று நினைக்கிறேன். பல நேரம் யாரும் கேட்பதில்லை.

காய்ச்சல் எண்ணிக்கையைக் குறைக்கும், சரி. ஆனால் விந்தணுக்களை ஒன்றோடொன்று ஒட்ட வைப்பது அதன் வேலை இல்லை. அதற்கு உங்களுடைய எட்டு வயது ஒப்பரேஷனைப் பார்க்க வேண்டும்.

எதிர்ப்புச் சக்தி என்று நாம் சொல்லும் உடம்பின் நிர்ப்பீடனத் தொகுதி எது தன்னுடையது, எது அந்நியம் என்று பிரித்தறியப் பெரும்பாலும் பிறப்பதற்கு முன்னும் குழந்தைப் பருவத்திலும் பழகிவிடுகிறது. விந்தணு அப்போது உடம்பில் இல்லை. அது பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்குப் பிறகு வருவது. அதன் மேற்பரப்பில் உள்ள பல புரதங்கள் உடம்பில் வேறெங்கும் கிடையாது. வீட்டு நாய் வளர்ந்த பிறகு வெளிநாட்டில் இருந்து வந்து இறங்கும் மகனைப் பார்த்து அது குரைக்கிறதே, கிட்டத்தட்ட அப்படித்தான். வந்தவர் வீட்டுப் பிள்ளை, குரைத்த நாயிலும் பிழையில்லை. இந்தச் சண்டை வராமல் இருக்க உடம்பே ஒரு ஏற்பாடு செய்திருக்கிறது. விதைக்குள் விந்தணு உருவாகும் நுண்குழாய்களின் சுவரில் சேர்ட்டோலிக் கலங்கள் என்று ஒருவகைக் கலங்கள் நெருக்கமாகப் பூட்டிக்கொண்டு நிற்கின்றன. இரத்தத்தில் ஓடும் காவல் கலங்கள் அந்தச் சுவரைத் தாண்டி உள்ளே போவதும், உள்ளே இருப்பவை வெளியே கசிவதும் சாதாரணமாக நடப்பதில்லை.

அந்தத் தடுப்பு உடைந்தால், அல்லது விந்து போகும் குழாய் எங்காவது அடைபட்டு விந்தணுக்கள் தேங்கிக் கசிந்தால், நிர்ப்பீடனத் தொகுதி அவற்றை முதன்முறையாகக் காண்கிறது. கண்டதும் அவற்றில் போய் ஒட்டும் பிறபொருளெதிரிகளை (antibodies) செய்கிறது. விதை முறுக்கிக்கொள்வது, அடிபடுவது, கிளமிடியா, கொனோரியா போன்ற தொற்றுகள், வயது வந்த பிறகு கூகைக்கட்டு வந்து விதை வீங்குவது, விதையிலோ கவட்டிலோ செய்த சத்திரசிகிச்சை, இவையெல்லாம் காரணமாகலாம். கேர்னியா ஒப்பரேஷன் ஏன் இந்தப் பட்டியலில் வருகிறது என்றால், விந்துக்குழாய் அந்தக் கவட்டு வழியாகத்தான் போகிறது. சிறுபிள்ளையில் அது நூல் மாதிரி மெல்லியது. திறமையான கை செய்த ஒப்பரேஷனிலும் சில வேளை அது நசிபடலாம், பிறகு தழும்புக்குள் இறுகலாம். அந்த வயதில் யாருக்கும் தெரியாது. பெரியவனாகிப் பிள்ளைக்கு முயலும்போதுதான் தெரியவரும். உங்களுக்கு நடந்தது இதுதான் என்று கடிதத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு நிபுணர் உங்களை நிற்கவைத்து, தழும்பைப் பார்த்து, இரண்டு பக்கத்து விந்துக்குழாயையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். சில நிமிட வேலை. நான்கு வருடத்தில் ஒரு டொக்டராவது உங்களை இப்படிப் பரிசோதித்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. செய்திருக்க மாட்டார்கள் என்பதே என் ஊகம்.

சரி, ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும்? மச்சான் சொன்ன "கொல்லுது" என்ற சொல்லைக் கொஞ்சம் திருத்த வேண்டும். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் இந்த விந்தணுக்கள் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். நாலைந்து விந்தணுக்கள் தலையோடு தலை ஒட்டி நிற்கும், வால்கள் எல்லாம் துடித்துக்கொண்டிருக்கும், ஆனால் கூட்டம் இருந்த இடத்தை விட்டு நகராது. தனியாக இருப்பவையும் கருப்பை வாசலில் உள்ள சளிக்குள் போனால் முன்னேறாமல் அதே இடத்தில் நடுங்கிக்கொண்டு நிற்கும். பிறபொருளெதிரி தலையில் ஒட்டியிருந்தால் முட்டையின் மேலுறையைப் பற்றிக்கொள்வதும் கடினம். கொல்வதைவிட வழிமறிப்பதுதான் இங்கே அதிகம். சிகிச்சையைத் தீர்மானிக்கும்போது இது முக்கியமாகும்.

இனி அந்த 64 வீதம். மார் பரிசோதனையில், விந்தோடு நுண்ணிய மணிகளைக் கலக்கிறார்கள். பிறபொருளெதிரி ஒட்டியிருக்கும் விந்தணுவில் இந்த மணிகளும் போய் ஒட்டிக்கொள்ளும். மணியைச் சுமந்துகொண்டு நீந்துபவை எத்தனை, சும்மா நீந்துபவை எத்தனை என்று எண்ணுவார்கள். நீந்துபவற்றில் பாதிக்கு மேல் மணி ஒட்டினால்தான் அது கருத்தரிப்பைப் பாதிக்கக்கூடும் என்பது பொதுவாக ஏற்றுக்கொண்ட அளவு. உங்களுடையது அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கிறது, உண்மை. ஆனால் மணி எங்கே ஒட்டியது என்றும் கேட்க வேண்டும். வாலின் நுனியில் மட்டும் ஒட்டினால் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. அத்தோடு மீதி 36 வீதம் தடையில்லாமல் நீந்துகிறது. எண்ணிக்கை டெங்குக்கு முந்திய அளவுக்கு ஏறினால் அந்த 36 வீதமே கணிசமான தொகை.

உங்கள் மனதில் இருக்கும் பயத்துக்கு நல்ல பதில் இன்னோர் இடத்தில் கிடைக்கிறது. ஆண் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இந்தப் பிறபொருளெதிரிகள் உண்டாகின்றன. அவர்களில் சிலர் பிற்காலத்தில் குழாயைத் திரும்பவும் பொருத்திக்கொள்கிறார்கள். பிறபொருளெதிரி இருக்க இருக்கவே பலருக்குப் பிள்ளை பிறக்கிறது. இரத்தத்திலோ விந்திலோ இது இருக்கிறது என்பதை வைத்து ஒருவரைப் பிள்ளைப் பாக்கியம் இல்லாதவர் என்று யாரும் முடிவுகட்ட முடியாது.

சிதல் கலங்கள் 8–10 என்பதைப் பற்றிச் சுருக்கமாக. சாதாரண நுணுக்குக்காட்டியில் வெண்குழியமும், முதிராத விந்துக் கலமும் ஒரே மாதிரி உருண்டையாகத் தெரியும். பிரத்தியேகச் சாயம் போட்டுப் பார்த்து, வெண்குழியம் மில்லிலீற்றருக்கு ஒரு மில்லியனுக்கு மேல் இருந்தால்தான் அது அழற்சிக்கு அறிகுறி. உண்மையிலேயே அவ்வளவு இருந்தால் அதுவும் நிர்ப்பீடனத்தின் வேலைதான். அந்தக் குழியங்கள் கக்கும் ஒட்சியேற்றப் பொருட்கள் விந்தணுவின் மென்படலத்தைக் கெடுக்கும். அதற்குச் சலப் பரிசோதனையும் தேவையானால் கிளமிடியா, கொனோரியாப் பரிசோதனையும் செய்து, கிருமியைக் கண்டுபிடித்து மருந்து கொடுக்க வேண்டும். அரச வைத்தியசாலைகளோடு சேர்ந்த பாலியல் நோய் கிளினிக்குகளில் இதை இலவசமாகவும் இரகசியமாகவும் செய்வார்கள். "சிதல்" என்ற ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு பாமசியில் அன்டிபயோட்டிக் வாங்கி மாறி மாறிப் போடுகிறவர்களை நான் நிறையக் காண்கிறேன். மனது வலிக்கிறது. பணமும் போய், மாதங்களும் போகின்றன.

இப்போது பிரெட்னிசோலோனுக்கு வருவோம். உங்கள் மச்சான் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஒருகாலத்தில் டொக்டர்களே அப்படித்தான் கொடுத்தார்கள். 1954 இல் நெதர்லாந்தின் றும்கேயும், அவரைச் சாராமல் வில்சன் என்ற இன்னொருவரும், பிள்ளை இல்லாத ஆண்களில் விந்தணுவை ஒட்ட வைக்கும் பிறபொருளெதிரிகளைக் கண்டு எழுதினார்கள். பிறகு பல வருடங்கள், நிர்ப்பீடனத்தை அடக்கினால் பிள்ளை பிறக்கும் என்ற நம்பிக்கையில் ஸ்டீரொய்ட் மாதக் கணக்கில் கொடுத்துப் பார்த்தார்கள். சில ஆய்வில் கொஞ்சம் பலன், சில ஆய்வில் ஒன்றுமில்லை. பக்கவிளைவு மட்டும் சந்தேகமில்லாமல் வந்தது. சீனி கூடும், பிரஷர் கூடும், உடம்பு ஊதும், நித்திரை குழம்பும், கிருமி எளிதில் தொற்றும். இவை போதாதென்று, சிலருக்கு இடுப்பு மூட்டு எலும்புக்கு இரத்தம் போகாமல் அந்த எலும்பே செத்துப்போனது. முப்பது, முப்பத்தைந்து வயதில் இடுப்பு மாற்று ஒப்பரேஷன். பிள்ளைக்காக நான் இந்த ஆபத்தையும் எடுப்பேன் என்று நீங்கள் சொல்லலாம். பலன் நிச்சயமாக இருந்தால் நானே உங்களோடு உட்கார்ந்து அதைப் பற்றிக் கதைப்பேன். பலனே உறுதியில்லாத மருந்துக்கு இந்த விலை கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன். பிரித்தானியாவின் நைஸ் (NICE) என்ற சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி ஒரு படி மேலே போய், கருத்தரிப்பைக் கூட்டும் சிகிச்சை என்று நிரூபித்த ஒன்று இல்லாததால் இந்தப் பிறபொருளெதிரிப் பரிசோதனையையே வழமையாகச் செய்ய வேண்டாம் என்கிறது. உங்களைப் போல அறிக்கையில் ஒட்டுதல் தெளிவாகத் தெரிந்து, பழைய ஒப்பரேஷனும் இருந்தால் செய்து பார்ப்பதில் பிழையில்லை என்பது என் அபிப்பிராயம். ஆனால் விடையை வைத்து நிர்ப்பீடனத்தோடு சண்டைக்குப் போகக் கூடாது. அதைச் சுற்றிப் போக வழி இருக்கிறது.

அந்த வழி 1992 இல் பிரசெல்ஸில் இருந்து வந்த அறிவிப்போடு திறந்தது. இக்ஸி என்கிறோம். ஒரு விந்தணுவை மெல்லிய கண்ணாடி ஊசியால் எடுத்து நேரே முட்டைக்குள் செலுத்துவது. சளியைக் கடக்கத் தேவையில்லை, மேலுறையைப் பற்றத் தேவையில்லை. பிறபொருளெதிரி வழிமறிக்கும் எல்லா இடத்தையும் அது தாண்டிவிடுகிறது. பிறபொருளெதிரி ஒட்டிய விந்தணுவை வைத்தும் இக்ஸியில் மற்றவர்களுக்கு வருகிற அளவு வெற்றி வருகிறது. விந்தைக் கழுவிக் கருப்பைக்குள் வைக்கும் முறை இதைவிட மலிவு, எளிது. கழுவினால் பிறபொருளெதிரி போய்விடாது, அது இறுக்கமாக ஒட்டியிருக்கும். ஆனால் கருப்பை வாசல் சளியைத் தாண்ட வைப்பதால், ஒட்டாத விந்தணுக்கள் போதிய அளவு இருப்பவர்களுக்குச் சில தடவை முயன்று பார்க்கலாம்.

ஆகவே உங்கள் விஷயத்தில் நான் செய்யச் சொல்வது இதுதான். டெங்கு வந்து ஐந்து மாதம் ஆகும் வைகாசியில் விந்துப் பரிசோதனையைத் திரும்பச் செய்யுங்கள். அதற்கு முன் இரண்டு நாளுக்குக் குறையாமலும் ஏழு நாளுக்கு மேற்படாமலும் இடைவெளி விடுங்கள். ஆய்வுகூடத்திலேயே கொடுக்க முடிந்தால் நல்லது. கூச்சமாக இருந்து வீட்டில் எடுத்தால், போத்தலை மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழ்ப் பெட்டியில் போட்டு வெயிலில் கொண்டு போகாதீர்கள். சேட்டுப் பொக்கற்றில், உடம்புச் சூட்டோடு, ஒரு மணித்தியாலத்துக்குள் சேர்க்க வேண்டும். சவர்க்காரம், எச்சில், ஆணுறை எதுவும் படக் கூடாது. முதலில் வரும் துளிகளில்தான் விந்தணு அதிகம். அது சிந்திப்போயிருந்தால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள், அவர்கள் குறித்துக்கொள்வார்கள். அதே கிழமையில் சிறுநீர்ச் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரிடம் கவட்டையும் விதையையும் காட்டுங்கள். பழைய ஒப்பரேஷன் துண்டு வீட்டில் இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள்.

இடையில் யாராவது "ஆண்மைக்கு" என்று டெஸ்டொஸ்டிரோன் ஊசி போடச் சொன்னால் போடாதீர்கள். வெளியில் இருந்து டெஸ்டொஸ்டிரோன் ஏறினால் மூளை விதைக்குக் கொடுக்கும் கட்டளை நின்று, விந்தணு உற்பத்தியே படுத்துவிடும். எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும், குறைக்கும் என்று விற்கிற மாவுகள், லேகியங்களும் வேண்டாம்.

மனைவியின் பக்கம் ஒரு கேள்வி. "எல்லாப் பரிசோதனையும்" என்றீர்களே, பலோப்பியன் குழாய்கள் திறந்திருக்கின்றனவா என்று சாயம் ஏற்றி எடுக்கும் படம் எடுத்தார்களா? இரத்தப் பரிசோதனையும் ஸ்கானும் மட்டும் என்றால் அது பாதிதான். வைகாசி அறிக்கையும் அந்தப் படமும் ஒன்றாகக் கையில் இருந்தால், பெண்நோயியல் நிபுணரிடம் இருவரும் சேர்ந்து போய் ஒரே இருப்பில் முடிவெடுக்கலாம். எண்ணிக்கை ஏறி, குழாயும் சரி என்றால் விந்தைக் கழுவி வைக்கும் முறையைச் சில மாதம் பாருங்கள். சரிவராவிட்டால், அல்லது ஒட்டுதல் கிட்டத்தட்ட எல்லா விந்தணுவிலும் என்று வந்தால், நேரே இக்ஸியைப் பற்றிக் கதையுங்கள். நான் அவசரப்படுத்துவதற்குக் காரணம் உங்கள் விந்தணு இல்லை. ஒரு வருடம் போவதால் அது பெரிதாகக் கெட்டுவிடாது. மனைவிக்கு 34. முப்பத்தைந்துக்குப் பிறகு முட்டையின் தொகையும் தரமும் வேகமாகக் குறையும். ஸ்டீரொய்டில் ஒரு வருடம், லேகியத்தில் ஒரு வருடம் என்று போனால் அது அவருடைய வருடங்கள். ஃபோலிக் அமிலம் அவர் இப்போதிருந்தே எடுக்கட்டும். உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரைக் கேட்டால் வழி சொல்வார்.

இக்ஸி செலவு பெரியது. கொழும்பானாலும் சென்னையானாலும் நகையை அடகு வைப்பதற்கு முன் மூன்று விஷயத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: எங்களுக்கு ஏன் இக்ஸி தேவை, மருந்தும் கருவை உறைய வைப்பதும் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு, ஒரு தடவையில் எத்தனை கரு வைப்பீர்கள். தெளிவாகப் பதில் சொல்லாத இடத்தில் காசைக் கட்டாதீர்கள்.

அம்மாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நான்கு வருடமாக ஊசியும் ஸ்கானும் விரதமும் பேச்சும் ஒருவருக்கே போயிருக்கின்றன. உங்கள் முதல் பரிசோதனை நான்காவது வருடத்தில். உங்களைக் குற்றம்சாட்ட இதைச் சொல்லவில்லை. நம் ஊரில் அநேகமாக எல்லா வீட்டிலும் வரிசை இதுதான், டொக்டர்மாராகிய நாங்களும் முதல் நாளே கணவனைக் கூப்பிடாமல் விட்டிருக்கிறோம். ஆனால் இப்போது அறிக்கை உங்கள் கையில் இருக்கிறது. மனைவியிடம் கேட்டு, அவர் சம்மதித்தால், அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள்: "அம்மா, சோதிச்சுப் பாத்தாச்சு. பிரச்சினை என்ரை பக்கமும் இருக்கு. மருந்து செய்யிறம். இனி அவளை ஒண்டும் சொல்லாதேங்கோ." பிறபொருளெதிரி, மார் பரிசோதனை எல்லாம் விளக்கத் தேவையில்லை.

கடைசியாக, பிள்ளைக்கு வருமா என்று கேட்டீர்கள். வராது. இந்தப் பிறபொருளெதிரி உங்கள் உடம்பு வாழ்நாளில் உண்டாக்கியது, பரம்பரையாகக் கடத்துவது இல்லை. விந்தணுவின் மேலே அது ஒட்டியிருந்தாலும் உள்ளே இருக்கும் மரபுப்பொருளை மாற்றாது. வைகாசி அறிக்கை வந்ததும், பெயரை மறைத்துவிட்டு, எண்ணிக்கை, நீந்தும் வீதம், மார் அளவு மூன்றையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த படியைச் சேர்ந்து பார்ப்போம்.